வேலுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

எங்கள் ஊரில் வண்டி எலக்ட்ரீசியனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரணத்துக்காகத்தான் வருவார்கள். செல்ஃப் எடுக்கவில்லை, ஹெட்லைட் எரியவில்லை, பேட்டரி நிற்கவில்லை. மாங்காய் சீசனில் இன்னொன்றும் சேரும். பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு கூழ் ஆலை வாசலில் விடிய விடிய வரிசையில் நிற்கும் டிரைவர்கள், தூக்கம் வராமல் பாட்டுப் போட்டே பேட்டரியைத் தீர்த்துவிட்டு விடியற்காலையில் ஆள் அனுப்புவார்கள். காவேரிப்பட்டினத்தில் 19 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வண்டியில் வயர்லெஸ் செட் பொருத்தித் தரச் சொல்லி ஒருவர் வந்தது போன ஐப்பசியில்தான் முதல் தடவை.

அவருக்குச் சந்தூர் பக்கம் மாந்தோப்பு. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி, ஓசூரில் செய்து 2011-இல் முதன்முதலாகச் சாலைக்கு வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் வகை. கையில் ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் வயர்லெஸ் செட், சுருள் வயரோடு மைக், ஆன்டெனா. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி, அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கியவர் அவர். 12 வயது நிரம்பிய யாரும் அந்தத் தேர்வை எழுதலாமாம். தேறியவருக்கு வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். உரிமம் இல்லாதவன் மைக்கின் பொத்தானை அழுத்தக் கூடாது.

"அப்ப நான் அழுத்தக் கூடாதுங்களாண்ணே?"

"நீ மாட்டிக் குடு தம்பி. பேசறது நான் பேசிக்கறேன். நீ கேக்கலாம்."

நாள் முழுக்க அந்தப் பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பிரச்சினை கூரை. ஆன்டெனா ஏறக்குறைய அரை மீட்டர் நீளக் கம்பி. அதைப் பம்பரிலோ கதவோரத்திலோ கட்டினால் அழகாக இருக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. கூரையின் நட்ட நடுவில் 20 மில்லிமீட்டர் துளை போட்டு நிறுத்த வேண்டும். ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் கம்பி பாதி ஆன்டெனாதான். மறுபாதி, கம்பியைச் சுற்றி நாலாபுறமும் விரிந்து கிடக்கும் கூரைத் தகடு. தகடு இல்லாத கம்பி, நிலம் இல்லாத வேர் மாதிரி. அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடனெல்லாம் அடைத்து முடித்த வண்டி. பிறகு, "போடு" என்றார். டிரில் இறங்கும்போது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

பிறகு கரண்ட். இங்கேதான் பலர் சோம்பல் படுவார்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் முழு பவரில் பேசும்போது இந்த மாதிரி செட் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயரில் அது வந்து சேராது, வயர்தான் சூடாகும். நேராக பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைக்க வேண்டும். வயர் தகட்டைத் துளைத்துக் கேபினுக்குள் வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாத ஆட்டத்தில் தகடு வயரை அறுத்துவிடும். பாடி எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். பெயிண்ட் மேலேயே போல்ட் முறுக்கிவிட்டு, எர்த் கொடுத்துவிட்டேன் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது எர்த் இல்லை.

பேட்டரி டெர்மினலைத் திறந்தேன். பச்சைக் களிம்பு பூத்துப்போயிருந்தது. பிரஷ் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னார்: "சைவ சித்தாந்தத்துல இதைத்தான் தம்பி ஆணவ மலம்னு சொல்றாங்க. செம்புல களிம்பு மாதிரி."

எனக்கு அந்த உவமை தெரியும். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரத்தில் சிவஞானபோதம் செய்தார். அந்த மரபில் வந்தவர்கள் உயிரோடு ஒட்டிய அறியாமையைச் செம்போடு ஒட்டிய களிம்புக்கு ஒப்பிட்டார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து அப்பியதில்லை, செம்பு என்று உண்டோ அன்றே அதுவும் உண்டு என்பது அவர்கள் கட்சி. தொழில்காரனாக எனக்கு அதில் ஒரு மறுப்பு இருந்தது. பேட்டரி ஆசிட் ஆவி படுவதால்தான் களிம்பு பூக்கிறது, ஆவி படாவிட்டால் பூக்காது என்றேன். அண்ணன் சிரித்துவிட்டு, "அப்ப உன் ரேக்குல பிரிக்காம கிடக்கற பழைய காயில் ஏன் கறுத்துப்போயிருக்கு?" என்றார். திரும்பிப் பார்த்தேன். கறுத்துத்தான் இருந்தது. நிறம் மாறும் இயல்பு செம்புக்குள்ளேயே இருக்கிறது, ஆவி அதைச் சீக்கிரப்படுத்துகிறது, அவ்வளவுதான். இருபது வருடமாகச் செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிற எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

வேலை செய்யச் செய்ய அவர் பேசிக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது, டெல்லியிலிருந்து பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலிக்காரர் தம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்திருக்கிறார். தொலைபேசி அறுந்துபோன தீவிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை நாள் கணக்கில் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கரையில் முகம் தெரியாத பலர் செட் முன்னால் உட்கார்ந்து, இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "பேசினவங்களைப் பத்தி எல்லாரும் எழுதினாங்க. உக்காந்து கேட்டவங்களும் அந்த வேலையில பாதி, தம்பி" என்றார் அண்ணன்.

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஆன்டெனாவுக்குப் போகும் பவர் திரும்பி வராமல் வெளியே போகிறதா என்று காட்டும் மீட்டர் அது. ஒன்றுக்கு ஒன்றரைக்குக் கீழே, நல்ல அளவு. கிருஷ்ணகிரியில் அவருடைய நண்பர் ஒருவர் கைச் செட்டோடு காத்திருந்தார். இடையில் 12 கிலோமீட்டர் தூரம், நடுவே பாறைக் குன்றுகள். அண்ணன் பொத்தானை அழுத்தி அழைப்புக் குறியைச் சொன்னார். விட்டார். இரைச்சல். மறுபடி அழைத்தார். இரைச்சல். அந்த இரைச்சல் காதைக் குடைந்ததால் ஸ்கெல்ச் என்ற குமிழை ஏற்றி வைத்தார். அதை ஏற்றினால் பலமான குரல் வந்தால் மட்டும் ஸ்பீக்கர் திறக்கும், மற்ற நேரம் மௌனமாக இருக்கும். மறுபடி அழைத்தார். மௌனம்.

"ஆள் இல்லைங்கண்ணே" என்றேன்.

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருப்பது நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் என் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. லாரி ஓட்டிய உடம்பு. எட்டு மாதம் டயாலிசிஸ். அந்த எட்டு மாதமும் என் அம்மா அமாவாசை தவறாமல் அங்காளம்மன் கோயிலுக்குப் போனாள். எலுமிச்சை விளக்கு போட்டாள், மண்சோறு சாப்பிட்டாள். நானும் கூடப் போனேன். சாமி சன்னதியில் நின்று, தொழில்காரன் ஒரு பார்ட்டியிடம் பேசுவது போலத் தெளிவாகப் பேசினேன். இன்னது வேண்டும், இன்னது தருகிறேன். ஆவணியில் அண்ணன் போய்விட்டான். காரியம் முடிந்த அன்று அம்மாவிடம் சொன்னேன்: "அங்க ஆள் இல்லம்மா. யாருமே கேக்கல." அம்மா எதுவும் சொல்லவில்லை. அவள் அமாவாசைக்குப் போவதை நிறுத்தவுமில்லை. நான் நிறுத்திவிட்டேன்.

தோஸ்த் வண்டிக்குள் அண்ணனும் நானும் மௌனமாக உட்கார்ந்திருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது. கிருஷ்ணகிரி நண்பர். ஸ்பீக்கரில் போட்டார். "என்னங்க, மூணு தரம் பதில் சொல்லிட்டேன். உங்க குரல் கணீர்னு வருது. நான் சொல்றதை நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க."

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். நம் செட்டில் பவர் அதிகம், நம் குரல் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவருடையது கைச் செட். அந்தக் குரல் குன்றுகளைத் தாண்டி மெலிந்து வரும். மெலிந்து வந்ததை நம் பக்கத்து இரைச்சல் மூடியது. இரைச்சல் தொந்தரவாக இருக்கிறதென்று நாம் ஏற்றிய குமிழ், மிச்சமிருந்ததையும் அடைத்தது. பதில் கூரைத் தகடு வரை வந்துவிட்டது. ஸ்பீக்கர் வரைதான் வரவில்லை.

அப்படியானால் இரைச்சல் எங்கிருந்து? அதைக் கேட்க ஸ்கெல்ச் குமிழை மறுபடி இறக்கி வைத்தோம். ஆல்டர்னேட்டர் என்று சந்தேகப்பட்டேன். ஆனால் ஆல்டர்னேட்டர் சத்தம் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஊளையிட்டு ஏறி இறங்கும். இது ஒரே சீராக இருந்தது. இன்ஜினை நிறுத்தினேன், போகவில்லை. எல்.இ.டி. பார் விளக்கை அணைத்தேன், போகவில்லை. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸைப் பிடுங்கியதும் இரைச்சல் அடங்கியது. சாக்கெட்டில் ஒரு மலிவான சார்ஜர். சார்ஜரிலிருந்து ஒரு மெல்லிய வயர் டேஷ்போர்டு மேலே ஏறிப் போனது. அங்கே சிறிய முருகன். வேலுக்குப் பின்னால் வட்டமாகச் சுற்றிச் சுற்றி எரியும் சிவப்பு, பச்சை விளக்கு.

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக வெட்டித் தரும் அந்த மாதிரி சார்ஜர், ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கரண்டைத் திறந்து திறந்து மூடும். வடிகட்டி சரியாக வைக்காவிட்டால் அந்தத் துடிப்பு வயர் வழியாக வானொலி அலைவரிசை வரை சிதறும். ஆகவே குற்றம் முருகனுடையதில்லை. முருகனுக்கு என்று நாம் போட்ட விளக்கினுடையது.

அண்ணன் வயரைத் தன் கையாலேயே உருவினார்.  மெல்லிய சீறலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, கிருஷ்ணகிரிக்காரரின் குரல் வந்தது. சொற்கள் ஒவ்வொன்றும் புரிந்தன.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "பதில் வரவில்லை, ஆகவே ஆள் இல்லை" என்று மூன்று வருடத்துக்கு முன் நான் போட்ட கணக்கு தொழில் ரீதியாகவே தப்பான கணக்கு. ஒரு வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை என்றால், ஹாரனே இல்லை என்று நான் சொல்வதில்லை. சுவிட்ச், ரிலே, வயர், எர்த் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவேன். தெய்வ விஷயத்தில் மட்டும் ஏன் எதையும் சோதிக்காமல் நேராகக் கடைசித் தீர்ப்புக்குப் போனேன்? துக்கம்தான் காரணம். துக்கத்துக்கும் ஒரு ஸ்கெல்ச் உண்டு. வலிக்கிறதென்று குமிழை ஏற்றி வைத்துவிடுகிறோம்.

நம் மொழியில் கேள் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். வாய் திறந்து வேண்டுவதும் கேட்பதுதான், காது கொடுத்து வாங்குவதும் கேட்பதுதான். பழந்தமிழில் கேள் என்றால் உறவும் கூட. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களுக்குப் பிறகு 42-ஆவதாகக் கேள்வி வருகிறது. அங்கே கேள்வி என்றால் காதால் பெறும் அறிவு. இன்றைக்கு நமக்குக் கேள்வி என்றால் வினா மட்டும்தான். சொல்லின் ஒரு பாதி தேய்ந்துவிட்டது. நான் சன்னதியில் எட்டு மாதம் கேட்டது மிச்சமிருந்த பாதிதான். வயர்லெஸ் மைக்கில் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை எதிராளியின் குரல் வரவே வராது. அந்தச் செட்டின் அமைப்பு அப்படி. விரலை எடுத்தால்தான் காது திறக்கும். பாகவதம் பக்தியை ஒன்பது வகையாகச் சொல்லி, முதலாவதாகச் சிரவணம், அதாவது கேட்டலை வைத்திருக்கிறது. அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்கு இப்போது படுகிறது.

என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு நண்பர் உண்டு. பகுத்தறிவு பேசுகிறவர், நேர்மையானவர். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது சரியான கேள்வி. "கிருஷ்ணகிரியில ஆள் இருக்காருன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது? போன் வந்துச்சு, தெரிஞ்சது. உன் சாமிகிட்டேருந்து போன் வருமா?"

வராது. இந்த இடத்தில் என் உவமை நின்றுவிடுகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. வானொலியில் மீட்டர் உண்டு, இன்னொரு வழியில் சரிபார்க்க முடியும். சன்னதியில் அதெல்லாம் இல்லை. இரைச்சலையெல்லாம் நீக்கிய பிறகும் மௌனமே மிஞ்சலாம். ஆகவே ஆள் இருக்கிறார் என்று நான் நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஆள் இல்லை என்று நான் கொடுத்த தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதற்கு எனக்கு ஆதாரம் போதாது.

அதே நண்பரிடம் யானையைப் பற்றியும் சொன்னேன். அறுவடை மாதங்களில் ஓசூர் பக்கம் சானமாவு காட்டுக்கு யானைக் கூட்டம் இறங்கும், ராகி வாசனைக்கு. ராத்திரி காவலுக்குப் போகும் ஒருவர் எனக்கு வாடிக்கை. அவர் சொல்வார்: கூட்டம் பிரிந்து அரைக் கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நிற்கும், ஒரு சத்தமும் இருக்காது, திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பும். யாரோ சொன்ன மாதிரி. யாரோ சொல்லத்தான் செய்தார்கள். 1984-இல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் போர்ட்லண்ட் விலங்குக் காட்சி சாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, காதில் எதுவும் விழாமல் காற்று மட்டும் நடுங்குவதை உணர்ந்தார். ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, மனிதக் காதின் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே யானைகள் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பேச்சுக்கு நடுவில் நின்று ராகியைக் காவல் காத்திருக்கிறார்கள். நண்பர் டீயைக் குடித்துவிட்டு, "யானை விஷயம் ஒத்துக்கறேன்" என்றார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

வைணவர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. அருள் கிடைக்க நாம் ஏதாவது செய்ய வேண்டுமா? குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது, அந்த மாதிரி என்பார்கள் வடகலையார். பூனைக்குட்டி சும்மா கிடக்கிறது, தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது என்பார்கள் தென்கலையார். தொழில்காரன் கண்ணில் இரண்டும் ஒரே வண்டியில் இருக்கிறது. அலையை நான் உண்டாக்குவதில்லை. துளை போடுவதற்கு முன்பே அது கூரை மேல் இருந்தது, பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் இருக்கும். அதில் நான் பூனைக்குட்டி. துளை போடுவதும், களிம்பைத் தேய்ப்பதும், பெயிண்டைச் சுரண்டுவதும், விளக்கின் வயரை உருவுவதும் நம் கை வேலை. அதை வேறு யாரும் வந்து செய்து தர மாட்டார்கள்.

மாசி அமாவாசையன்று எங்கள் ஊரில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் மயானத்துக்குப் புறப்படுவாள். பம்பை, உடுக்கை, காளி வேடம், தானியமும் காசும் வாரி இறைக்கும் கைகள். ஊரே அதிரும். இந்தச் சத்தத்தில் ஒருவருக்கு என்ன கேட்கும் என்று முன்பு நினைப்பேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இரைச்சல் வேறு, சத்தம் வேறு. பம்பைக்குத் தாளம் உண்டு, அது யாருடைய குரலையும் மூடுவதில்லை. என் அம்மா அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் கண்ணை மூடி அசையாமல் நிற்பாள்.

இந்த வருடம் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று நினைத்து, "பத்து மணிக்கு வா கண்ணு" என்றாள். வண்டியை ஓரம் கட்டினேன். செல்போனை அணைத்து இருக்கையிலேயே வைத்தேன். உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் கை கூப்பி நின்றேன். எதுவும் வேண்டவில்லை. என் அண்ணன் போன பிறகு அந்தக் கோயிலுக்குள் நான் நுழைந்தது அன்றுதான்.